ஸ்கேட்டிங் வரும் பழைய ஹாலிவுட் காதல் காமெடி எது பார்க்கலாம்?

1941-இல் வந்த 'சன் வேலி செரனேட்' பாருங்கள். ஓர் இசைக்குழு, விளம்பரத்துக்காக நார்வே அகதிக் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்கிறது. நியூயார்க்கில் குடியேறிகள் வந்து இறங்கும் எல்லிஸ் தீவில் போய் நின்றால், வந்து இறங்குவது கல்யாண வயதுப் பெண்! அப்புறம் அவள் அந்தக் குழுவின் பியானோக்காரரை விடாமல் துரத்துவதுதான் கதை.

நாயகி சோன்யா ஹெனி 1928, 1932, 1936 என மூன்று குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்றவர். அதனால் ஸ்கேட்டிங் காட்சிகளுக்கு டூப் தேவைப்படவில்லை. நடிப்பு சுமார்தான், ஆனால் கடைசி நடனத்தில் பனித்தளத்துக்கே கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளை உடையில் அவர் சுழலும்போது, தலைகீழாக இன்னொரு சோன்யா காலடியில் சுழல்வார். அந்தக் காலத்தில் பிரபலமான கிளென் மில்லர் ஜாஸ் குழுவின் இசை வேறு. கதைக்காக இல்லாவிட்டாலும் இந்த இரண்டுக்காகப் பார்க்கலாம்.