சொல் இடம் மாறும்போது: இத்தாலியமும் ஸ்லாவிய மொழிகளும்

கேள்வி: ரஷ்ய மொழியைப் போலவே இத்தாலியத்திலும் சொற்களை விரும்பியபடி மாற்றி வைக்கலாம் என்கிறார்களே, சரியா?

பதில்: பாதிதான் சரி. ரஷ்யப் பெயர்ச்சொல்லுக்கு 6 வேற்றுமைகள் உண்டு. 'க்னீகா' என்றால் எழுவாயாக நிற்கும் புத்தகம். 'க்னீகு' என்றால் புத்தகத்தை. எனவே 'க்னீகு பிரச்சிதால் இவான்' என்று புத்தகத்தை முன்னே கொண்டுவந்தாலும், படித்தவன் இவான்தான் என்பதில் ஐயம் எழாது. இத்தாலியப் பெயர்ச்சொற்களோ லத்தீனின் வேற்றுமை உருபுகளை இழந்துவிட்டன. அதனால் 'இல் லீப்ரோ லா லெத்தோ மார்கோ' (புத்தகத்தை மார்கோ படித்துவிட்டான்) என்னும்போது, 'அதை' எனப் பொருள்படும் 'லோ'வும் துணைவினையான 'ஆ'வும் சேர்ந்து 'லா' என ஒலிக்கின்றன. முன்னே போன புத்தகம் செயப்படுபொருள் என்பதை அந்தச் சிறு பிரதிப்பெயர்தான் காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: ரஷ்யம் அடங்கிய ஸ்லாவியக் குடும்பத்தில் வேற்றுமையை இழந்த மொழி உண்டா?

பதில்: பல்கேரியமும் மாசிடோனியமும் உண்டு. 'க்னீகாத்தா யா ப்ரோச்சேதே இவான்' (புத்தகத்தை இவான் படித்தான்) என்னும் பல்கேரிய வாக்கியத்தில் இத்தாலிய 'லோ' செய்யும் வேலையை 'யா' செய்கிறது. மாசிடோனியத்திலோ, குறிப்பிட்ட ஒரு பொருளைச் சுட்டும் செயப்படுபொருள் இடம் மாறாவிட்டாலும் இத்தகைய பிரதிப்பெயர் வந்தே தீர வேண்டும். ஆகவே இந்த ஒப்பீட்டில் மொழிக்குடும்பத்தைவிட உருபு இருக்கிறதா இல்லையா என்பதே முக்கியம் என்பேன்.

கேள்வி: ரஷ்யத்தில் குழப்பமே வராதா?

பதில்: வரும். 'மாத் லியூபித் தோச்' (தாய் மகளை நேசிக்கிறாள்) என்பதில் இரு பெயர்களுக்கும் முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம். வேறு துப்பு இல்லாதவரை முதலில் நிற்பவளே நேசிப்பவள்.

கேள்வி: எழுவாயை வினைக்குப் பின் வைப்பது இத்தாலியத்தில் செய்யுள் நடையா?

பதில்: இல்லை, அன்றாடப் பேச்சுதான். யார் போன் செய்தது என்று கேட்டால் 'ஆ தெலெஃபோனாத்தோ மரீயா' (போன் செய்தது மரீயா) என்பதே இயல்பான விடை. புதிய செய்தி கடைசியில் வரும். 1926-இல் ப்ராக் மொழியியல் வட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான செக் மொழியியலாளர் விலேம் மத்தேசியுஸ் ஆராய்ந்ததும் இந்த ஒழுங்கைத்தான். ரஷ்யத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: 'ஸ்தாரிக்' வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றால் பெரும்பாலும் முன்பே அறிந்த முதியவர், 'வ் கோம்நாது வஷோல் ஸ்தாரிக்' என்று இறுதியில் வந்தால் அறைக்குள் நுழைந்தவர் யாரோ ஒரு முதியவர். இந்த வேறுபாட்டை இத்தாலியம் 'அந்த' என்பது போன்ற 'இல்', 'ஒரு' எனப் பொருள்படும் 'உன்' என்னும் சொற்களிடம் விட்டுவிடுகிறது.

கேள்வி: பெயரடைகளையும் இத்தாலியத்தில் இடம் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் பொருளும் மாறக்கூடும். 'உன் வெக்கியோ அமீகோ' நெடுநாள் நண்பர். 'உன் அமீகோ வெக்கியோ' வயதான நண்பர்.