சமயபுரத்தில் சில நொடிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குச் சென்றுவந்தேன். எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டிருந்தபோது அம்மா நேர்ந்துகொண்ட வேண்டுதல் ஒன்று இத்தனை ஆண்டுகளாக நிறைவேறாமல் இருந்தது. பொது வரிசையில் மூன்றரை மணி நேரம் நின்றோம். சன்னதி முன் கிடைத்தது சில நொடிகள்தான். நிமிர்ந்து பார்ப்பதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் அம்மா மனம் நிறைந்து அழுதார். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அது குற்ற உணர்வாகவே இருக்கிறது. அம்மன் பட்டினி இருக்கும் மாதம் இது என்று வரிசையில் எல்லோரும் சொன்னார்கள். பக்தர்கள் விரதம் இருப்பது தெரியும். தெய்வம் எதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும்? எதையும் உணராத நான் அங்கே போய்வந்ததற்குப் பொருள் உண்டா?

பெங்களூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே பட்டினியிலிருந்தே தொடங்குகிறேன்.

மாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிறது. சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூடை கூடையாகப் பூ வந்து அம்மன்மீது சொரியப்படும் அந்த நாளில்தான் அவள் விரதத்தை மேற்கொள்கிறாள். பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாட்கள் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது; துள்ளு மாவு, பானகம், நீர்மோர், இளநீர், பழங்கள் ஆகியவை மட்டுமே படைக்கப்படும். பச்சைப் பட்டினி விரதம் என்று இதற்குப் பெயர். மகிஷாசுரனைக் கொன்ற பாவம் தீர அம்மன் இருந்த தவம் என்று தலபுராணம் சொல்லும். உலகத்து உயிர்களெல்லாம் நோயின்றி இருக்க அவள் இருக்கும் விரதம் என்று மக்கள் சொல்வார்கள். நான் மக்கள் பக்கம்.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஏழு வயதில் அம்மை வார்த்தது. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டது. வீட்டில் தாளிப்பு நின்றது. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. வெளியார் உள்ளே வரவில்லை, நாங்களும் எந்த வீட்டுக்கும் போகவில்லை. நோய் வந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். எனக்கு இளநீரும் மோரும் ஆறிய கஞ்சியும் பழமும் தந்தார்கள். மூன்றாம் முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை என் தாயும் அதையேதான் உண்டார் என்பதை நான் வெகுகாலம் கழித்து, அவர் மறைந்த பிறகு, என் பெரியம்மா சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு ஆகாத எதையும் அவர் அந்த நாட்களில் வாயில் வைக்கவில்லை. (இன்று ஒரு குழந்தைக்கு அம்மை கண்டால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், அந்தப் பழைய கட்டுப்பாடுகளில் தனிமைப்படுத்தலும் ஓய்வும் அடங்கியிருந்தன, மருத்துவம் இருக்கவில்லை.)

இப்போது சமயபுரத்து நைவேத்தியத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்த மாவு, பானகம், மோர், இளநீர், பழம் என்று அடுப்பேறாதவையும் உடலைக் குளிர்விப்பவையுமே அதில் இருக்கின்றன. அம்மை கண்ட பிள்ளைக்கு ஒரு வீடு கொடுக்கும் உணவுக்கும் அந்தத் தட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெயில் ஏறி, வெப்ப நோய்கள் ஊருக்குள் வரும் மாசி, பங்குனியில் அந்த உணவை அவள் உண்கிறாள். பால்குடிக்கும் பிள்ளைக்கு நோய் வந்தால் பத்தியம் இருக்க வேண்டியவள் தாய் என்பது நம் வீடுகளில் கைமருத்துவத்தின் முதல் விதி. உலகத்தையே பிள்ளையாகக் கொண்டவள் 28 நாட்கள் பத்தியம் இருக்கிறாள் என்றுதான் நான் அந்தப் பட்டினியைப் புரிந்துகொள்கிறேன். சாத்திரம் இதைச் சொல்கிறதா என்று என்னைக் கேட்க வேண்டாம். என் பெரியம்மா சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

அந்தக் கோயிலில் எதைத் தொட்டாலும் இந்த உறவுமுறைதான் தட்டுப்படும். அமர்ந்த கோலத்தில் எட்டுக் கரங்களோடு இருக்கும் மூலவரின் திருமேனி மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதை, அதாவது சாந்து உருவம் என்பதால் அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான். மருந்தாலேயே ஆன உடம்பு அது. தைப்பூசத்தின்போது அவள் கொள்ளிடக் கரைக்குப் போவாள். அங்கே திருவரங்கத்து அரங்கநாதரிடமிருந்து தங்கைக்குப் பட்டும் மாலையும் சீராக வரும். முன்பு திருவரங்கத்தில் இருந்தவள்தான் அங்கிருந்து கண்ணனூருக்கு வந்தாள் என்கிறது கதை. கண்ணனூர் என்பது சமயபுரத்தின் பழைய பெயர். நீங்கள் பெங்களூரில் இருப்பதால் இதையும் சொல்லலாம்: 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சாள மன்னன் வீர சோமேசுவரன் தன் தமிழ்நாட்டுத் தலைநகராகக் கொண்ட ஊர் அது; அவர்கள் காலத்துச் சிவன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. படைகள் வந்து தங்கி, மோதி, அழிந்த அந்த மண்ணில் இன்று எஞ்சி நிற்பது அரசர்களின் பெயரல்ல, அம்மனின் பெயர்தான்.

இனி உங்கள் சில நொடிகள். நீங்கள் அம்மனைப் பார்க்கப் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் மூன்றரை மணி நேரத்தையும் அந்தச் சில நொடிகளையும் தராசில் வைத்து மனம் சோர்கிறீர்கள். உங்கள் அம்மா போனது வேறு காரியத்துக்காக. வேண்டுதல் செலுத்தப் போகிறவர்களை அந்தப் பிராகாரத்தில் நின்று பார்த்திருந்தால் இது விளங்கியிருக்கும். கண் பிழைத்தவர்கள் வெள்ளியில் கண்மலர் கொண்டுவருவார்கள், கால் பிழைத்தவர்கள் கால் உருவைக் கொண்டுவருவார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் அந்தப் பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் கிடத்திச் சுற்றி வருவார்கள். எது காப்பாற்றித் தரப்பட்டதோ அதை எடுத்துவந்து காட்டுவதுதான் அங்கே வழிபாடு. உங்கள் அம்மா கொண்டுபோனது உங்களை. ஆறு வயதில் உடல் முழுக்கக் கொப்புளத்தோடு கிடந்த குழந்தை இதோ வளர்ந்து நிற்கிறாள் என்று காட்டுவதற்குச் சில நொடிகள் போதுமானவையாக இருந்தன. அவர் அழுததற்கு இதைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. படையலாக நின்ற நீங்கள் எதையும் உணர வேண்டும் என்று விதி இல்லை. ஆகவே உங்கள் குற்ற உணர்வை விட்டுவிடலாம்.

நீங்கள் அப்படிக் கிடந்தபோது உங்கள் அம்மாவுக்கு இருந்த அச்சத்தின் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெரியம்மையின் கடைசி நோயாளிகள் இந்தியாவில் 1975-இல் பதிவானார்கள். 1980-இல் அது உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உங்களுக்கு வந்தது சின்னம்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் உங்கள் அம்மா தன் தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு வளர்ந்தது, ஒரே வாரத்தில் ஒரு தெருவின் பிள்ளைகளை வாரிக்கொண்டுபோன, பிழைத்தவர்களின் பார்வையைப் பறித்த அந்தப் பழைய நோயைப் பற்றி. அவர் உங்கள் பாயருகே உட்கார்ந்து நேர்ந்துகொண்டது அந்தக் கதைகளைக் கேட்ட காதோடுதான்.

மறுபடி செல்வதாக இருந்தால், ஞாயிறு, செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளின் காலையில் போங்கள். முதலில் அருகிலுள்ள இனாம் சமயபுரத்துக்குச் செல்லுங்கள். ஆதி மாரியம்மன் இருக்கும் இடம் என்று போற்றப்படுவது அது, கூட்டமும் குறைவு. பிறகு பெரிய கோயிலுக்கு வந்து, தரிசனம் முடிந்ததும் உடனே வண்டியேறாமல், மஞ்சள் உடுத்தி நடந்து வந்தவர்கள் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் நீங்களும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சித்திரைச் செவ்வாயில் நடக்கும் தேரோட்டத்தை முதியவரான அம்மாவோடு திட்டமிட வேண்டாம், நெரிசல் தாங்காது.

அதற்கு முன் ஒன்று செய்யலாம். உங்களுக்கு அம்மை போட்டிருந்த நாட்களில் அவர் என்ன சாப்பிட்டார் என்று அம்மாவிடம் கேளுங்கள். நான் கேட்க நினைத்தபோது என் வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை.

அன்புடன்