'சுராங்கனி'யைத் திரும்பப் பாடினோம், பழைய துள்ளல் ஏன் வரவில்லை?

கேள்வி: மாங்குளத்தில் எங்கள் இளைஞர் கழகம் 'சுராங்கனி'யைப் பாடிப் பதிவு செய்தது. கீபோட், கிற்றார், டோல்கி இருந்தன. மெட்டு சரி, ஆனால் ஏ.ஈ. மனோகரன் பாடியதில் இருக்கும் துள்ளல் இல்லை. நல்ல மைக் வாங்க வேண்டுமா?

பதில்: மைக் வாங்கும் காசு இப்போதைக்குக் கையில் இருக்கட்டும். முதலில் தாளத்தைப் பாருங்கள்.

'சுராங்கனி' இலங்கையின் ஆட்டப்பாட்டு வகையான பைலா. அதன் தாளம் 6/8. ஒரு சுற்றுக்கு இரண்டு அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று தட்டு. வாயால் சொன்னால் 'தகிட தகிட'. கீபோட்டில் தானாக ஓடும் பின்னணித் தாளங்கள், அதாவது ஸ்டைல்கள், பெரும்பாலும் 4/4, 'தகதிமி'. அதை ஓடவிட்டு மேலே பாடினால் மூன்று தட்டும் நான்குக்குள் இழுபட்டு, பாட்டு அணிநடை போடும். ஸ்டைலை நிறுத்துங்கள். சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோமை 6/8இல் வைத்து, டோல்கியும் கிற்றாரும் மட்டும் கை ஒன்றுசேரும்வரை வாசிக்கட்டும். பாடகர் அதுவரை கைதட்டினால் போதும்.

அடுத்தது இயர்போன். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு தட்டு ஏறத்தாழ 167 மில்லிசெக்கன். புளூடூத் இயர்போன் பலவற்றில் ஒலி 150 முதல் 200 மில்லிசெக்கன் பிந்தித்தான் காதுக்கு வரும். அதாவது பாடகர் ஒரு தட்டு முழுதாகப் பிந்திப் பாடுவார், ஏனென்று அவருக்கே தெரியாது. வயர் உள்ளதையே பாவியுங்கள்.

தகரக் கூரை வீடென்றால் வெயில் ஏறும்போது தகரம் விரிந்து 'டிக் டிக்' என்று பதிவில் விழும். இரவில் சில்வண்டு. அதன் சத்தம் மெய்யெழுத்துகளின் தெளிவு இருக்கும் உயர்ந்த அதிர்வெண்களிலேயே கிடப்பதால், வடிகட்டினால் பாடகரின் சொல்லும் மங்கிப்போகும். அறுவடை முடிந்து நெல்மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் விடாதீர்கள், எதிரொலி நன்றாகக் குறையும். மெத்தையைப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். பதிவு மீற்றரில் ஒலியளவு உச்சத்திலும் -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். அளவு மீறி உச்சி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம்.

உச்சரிப்பைத் தயவுசெய்து கவனியுங்கள். பாட்டில் வரும் 'மாலு' சிங்களத்தில் மீன், 'கெனாவா' கொண்டுவந்தேன். தமிழ் எழுத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள் 'கெ'யை வல்லினமாக அழுத்துகிறார்கள். 'சுராங்கனி'யில் 'ங்க' எப்படி மெலிந்து ஒலிக்கிறதோ அந்தக் 'க'தான் அங்கேயும்.

இளையராஜா இசையில் 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் இதைப் பாடியிருக்கிறார்கள். மனோகரனின் பதிவையும் அதையும் அடுத்தடுத்துக் கேட்டு, வாத்தியங்களில் எது முன்னுக்கு நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் இசையமைப்பு இரண்டையும் நகலெடுக்க வேண்டியதில்லை.

யூடியூபில் போடுவதாக இருந்தால் இணையத்தில் எடுத்த கரோக்கியைப் பின்னணியாக வைக்காதீர்கள். அது இன்னொருவரின் ஒலிப்பதிவு, தளம் தானாகவே கண்டுபிடித்துவிடும். சொந்தமாக வாசித்தாலும் ஆக்கியவரின் உரிமை தனியே நிற்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவருடைய வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும். விற்கிற எண்ணம் இருந்தால் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.