வாட் போடாத ஹீட்டரும் சூடேறும் பிளக்கும்: கேள்வி-பதில்

கேள்வி: தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் வாங்கப் போனேன். ஒன்றின் லேபிளில் 230 வோல்ட், 8.7 ஆம்பியர் என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொன்றில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருந்தார்கள். எது சக்தி கூடியது?

பதில்: இரண்டும் ஒன்றுதான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும்: 230 × 8.7 = 2001. அதே எண்களை வகுத்தால் மின்தடை வரும்: 230 ÷ 8.7, சுமார் 26.4 ஓம். இந்த வகுத்தல்தான் ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி. லேபிளில் ஏதாவது இரண்டு எண் இருந்தால் போதும், மற்றவற்றை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மில்லி ஆம்பியரில் போட்டிருந்தால் மட்டும் முதலில் 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கிய ஹீட்டர் மாலை நேரத்தில் மிக மெதுவாகத்தான் சூடாகிறது. வோல்ட் மீட்டர் அப்போது 190 காட்டுகிறது. 2000 வாட் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. லேபிளில் உள்ள வாட், அதே லேபிளில் உள்ள வோல்ட் கிடைத்தால்தான் வரும். ஹீட்டருக்குள் அனேகமாக மாறாமல் இருப்பது அதன் மின்தடை. வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் சேர்ந்தே இறங்கும்: 190 ÷ 26.4 = 7.2 ஆம்பியர். இப்போது 190-ஐ 7.2-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1368 வாட்தான் வருகிறது. வோல்டேஜ் 17 சதவீதம் குறைந்ததற்கு, சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் இதே விடைதான். பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சண்டை போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் சரியாக வரும்போதும் ஹீட்டர் 7 ஆம்பியர்தான் எடுக்கிறது என்றால், அப்போது தாராளமாகக் கேளுங்கள், நியாயம் உங்கள் பக்கம்தான்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஒரு கெட்டில் வந்திருக்கிறது. 120 வோல்ட், 1500 வாட். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வாங்கி 230 வோல்ட்டில் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 1500 ÷ 120 = 12.5 ஆம்பியர், ஆகவே மின்தடை 9.6 ஓம். இதை 230 வோல்ட்டில் சொருகினால் கிட்டத்தட்ட 24 ஆம்பியர், 5500 வாட்! பிளக் அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. லேபிளில் 100–240 வோல்ட் என்று இருக்கும் சார்ஜர் போன்றவற்றுக்கு மட்டும் அந்த அடாப்டர் போதும்.

கேள்வி: 10 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு சாக்கெட் இருக்கிறது. ஹீட்டரையும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டால் பிளக் சூடாகிறது. இன்னும் நல்ல பாக்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: நான்கு சாக்கெட்டுக்கும் சேர்த்துத்தான் அந்த 10 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 2300 வாட். நீங்கள் போடுவது 3000 வாட், அதாவது 13 ஆம்பியர். இதை முதலில் நிறுத்துங்கள்.

ஹீட்டரை மட்டும் போட்டாலும் பிளக் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றால் வேறு பிரச்சினை இருக்கிறது. சாக்கெட் தளர்ந்திருக்கலாம், முனைகள் கறுத்திருக்கலாம், ஸ்க்ரூ கழன்றிருக்கலாம். அந்த இடத்தில் வெறும் அரை ஓம் மின்தடை சேர்ந்தாலே போதும். கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் உண்டாகும் வெப்பம் தெரியும்: 8.7 × 8.7 × 0.5, சுமார் 38 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னைப் பிளக்குக்குள் வைத்துவிட்ட மாதிரி. பிளாஸ்டிக் உருகுவதும் தீப்பிடிப்பதும் இப்படித்தான். கரண்ட் கூடவில்லை என்பதால் ஃபியூஸுக்கும் இது தெரியாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கறுத்த சாக்கெட்டை உடனே மாற்றுங்கள், ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் இல்லாமல் அதற்குத் தகுந்த சுவர் சாக்கெட்டிலேயே போடுங்கள். வயரைச் சுருட்டி வைத்தபடியும் ஓட்டாதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் போகும்.

கேள்வி: பழைய ஹீட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. மல்டிமீட்டரை வைத்துச் சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு, ஹீட்டரின் ஸ்விட்சை மட்டும் ஆன் செய்து, பிளக்கில் கரண்ட் பாயும் இரண்டு முனைகளுக்கு இடையே ஓம் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்றால் 26-ஐ ஒட்டி வர வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம், சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் காரணமாக இருக்கலாம். அப்புறம், அந்த முனைகள் ஒவ்வொன்றுக்கும் எர்த் முனைக்கும் இடையே பாருங்கள். அங்கே ஏதாவது ஓம் காட்டினால் வாங்காதீர்கள். காட்டாவிட்டாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது, சிறிய மின்கசிவு சாதாரண மல்டிமீட்டருக்குப் பிடிபடாது. எலக்ட்ரீஷியனிடம் இன்சுலேஷன் டெஸ்டர் இருக்கும், அதில் ஒருமுறை பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இந்த ஓம் சோதனை ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரியானவற்றுக்குத்தான் பொருந்தும். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி போன்ற மோட்டார் சாமான்களில் காயிலின் ஓமை வைத்து வாட் கணக்குப் போட்டால் தப்பான விடைதான் வரும். அவற்றைச் சாக்கெட்டில் சொருகும் வாட் மீட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சரி.