மூளைக் கட்டிக்கு சி.பி.டி. எண்ணெய் கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 52. கிளியோபிளாஸ்டோமா என்னும் நான்காம் தர மூளைக் கட்டி. அறுவை முடிந்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, இப்போது மாதத்தில் ஐந்து நாள் டெமோசோலோமைடு என்னும் கீமோ மாத்திரை எடுக்கிறார். வலிப்புக்குத் தனியாக மாத்திரைகள் உண்டு. பிரான்சில் இருக்கும் எங்கள் சித்தப்பா, "இங்கே கடையிலேயே விற்கிறார்கள், கட்டியைக் கரைக்குமாம்" என்று சொல்லி 10 மில்லி சி.பி.டி. எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று அண்ணி பயப்படுகிறார்.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் அண்ணியின் பயத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்குப் போகும்போது, ஸ்கேன் படங்களோடும் ரத்தப் பரிசோதனைத் தாள்களோடும் அந்தப் புட்டியையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இப்படிப்பட்ட எண்ணெய்களைப் பற்றிப் புற்றுநோய் மருத்துவர்களிடம் நோயாளிகளின் குடும்பத்தார் அடிக்கடி கேட்பதுண்டு. அவர்களுக்கு இது புதிதல்ல. அதுவரை மூடியைத் திறக்க வேண்டாம்.

சி.பி.டி. எனப்படும் கன்னாபிடியோல், கஞ்சாச் செடியில் உள்ள பல வேதிப்பொருள்களுள் ஒன்று. போதை தருவது டி.எச்.சி. என்னும் வேறொரு பொருள், சி.பி.டி. போதை தருவதில்லை. ஆய்வகத் தட்டில் வளர்த்த கிளியோபிளாஸ்டோமா அணுக்களையும், எலிகளில் வளர்த்த கட்டிகளையும் சி.பி.டி. கட்டுப்படுத்தியது உண்மைதான். சித்தப்பா கேள்விப்பட்டதன் வேர் அதுவாகவே இருக்கும். ஆனால் தட்டில் அணுக்களின் மேல் நேராக ஊற்றும் செறிவு, வாய் வழியே எடுக்கும் எண்ணெயால் மூளைக் கட்டிக்குள் கிடைத்துவிடாது, விழுங்கும் சி.பி.டி.யில் மிகச் சிறிய பங்கே ரத்தத்தை அடைகிறது, மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரல் முன்னதாகவே சிதைத்துவிடுகிறது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. 2006ஆம் ஆண்டு ஸ்பெயினில் ஒன்பது நோயாளிகளுக்குக் கட்டி இருந்த இடத்திலேயே குழாய் மூலம் மருந்து செலுத்திப் பார்த்தார்கள், அது டி.எச்.சி., சி.பி.டி. அன்று, ஒப்பிட்டுப் பார்க்க வேறு நோயாளிக் குழுவும் அதில் இல்லை. 2021இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கட்டி மீண்டும் வளர்ந்த 21 பேரில் 12 பேருக்கு டெமோசோலோமைடுடன் நாபிக்சிமால்ஸ் என்னும் வாய்த் தெளிப்பானும், 9 பேருக்கு மருந்தில்லாத போலித் தெளிப்பானும் தரப்பட்டன. ஓராண்டு கழித்து முதல் குழுவில் 83 விழுக்காட்டினரும் இரண்டாவது குழுவில் 44 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இது மருந்தைத் தாங்க முடிகிறதா என்று பார்க்க வகுத்த ஆய்வு. 12 பேரையும் 9 பேரையும் ஒப்பிடும்போது இரண்டு மூன்று பேரின் நிலை மாறினாலே விழுக்காடு பெரிதும் மாறிவிடும். அந்தத் தெளிப்பானில் சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. இதன் தொடர்ச்சியாக, இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு அரிஸ்டோக்ராட் என்ற பெரிய ஆய்வு பிரிட்டனில் திட்டமிடப்பட்டது. எண்ணெய் கட்டியைக் கரைக்கும் என்று உறுதி சொல்பவர், யாராக இருந்தாலும், ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். சி.பி.டி. கல்லீரல் நொதிகளை, அதாவது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவுகளை, உயர்த்தக்கூடியது. வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். குளோபசாம் என்னும் இன்னொரு வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு, அதன் வீரியமுள்ள சிதைபொருள் ரத்தத்தில் ஏறி, பகலெல்லாம் தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம். வீட்டில் அதைக் கண்டவர்கள் கட்டி பெருகிவிட்டதென்று பதறுவார்கள். டெமோசோலோமைடின் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதிப்பது எதற்காக? அந்த எண்களை வைத்துத்தான் மருத்துவர் அடுத்த சுற்றைத் தொடங்குகிறார். எண்ணெய் கொடுப்பது அவருக்குத் தெரியாமல் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தால், பழி கீமோ மாத்திரையின் மேல் விழும். பலன் நிரூபிக்கப்பட்ட மருந்து தள்ளிப்போகும், எண்ணெய் மட்டும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணனின் வலிப்பு மாத்திரைகளின் பெயர்களை நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் புட்டியோடு மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோகச் சொல்கிறேன்.

புட்டியின் கணக்கையும் பாருங்கள். 10 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால் 10 மில்லியில் 1,000 மில்லிகிராம் சி.பி.டி. இருக்க வேண்டும், ஒரு துளிக்குச் சுமார் 5 மில்லிகிராம். அமெரிக்காவில் 2018இல் குழந்தைகளின் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்கு அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ் என்னும் தூய சி.பி.டி. மருந்தின் வழக்கமான அளவு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்தக் கணக்கில் இந்தப் புட்டி இரண்டு நாள்கூட வராது. லேபிளும் நம்பத்தக்கது என்று சொல்வதற்கில்லை: 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, 26இல்தான் லேபிளில் இருந்த அளவு சரியாக இருந்தது, 18இல் டி.எச்.சி. இருந்தது.

கேள்வி: வெளிநாட்டு எண்ணெய் வேண்டாம் என்றால், இங்கே கிடைக்கும் ‘விஜயா’ எண்ணெய், சணல் விதை எண்ணெய் இவை சரியா? சட்டச் சிக்கல் உண்டா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டும் வேறு வேறு. நீங்கள் சொல்லும் விதை எண்ணெய், சாக்குச் சணலுடையதல்ல, ‘ஹெம்ப்’ எனப்படும் கஞ்சா இனச் செடியின் விதையிலிருந்து பிழிந்தது. சமையல் எண்ணெய் போன்றது, சி.பி.டி. அதில் இல்லை என்றே சொல்லலாம். ‘விஜயா’ என்பது ஆயுர்வேத உரிமத்தின் கீழ் இலையிலிருந்து செய்யப்படுவது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பூக்கும், காய்க்கும் நுனிகள் கலவாத தனி இலையையும் விதையையும் ‘கஞ்சா’ என்ற வரையறையில் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இவை விற்பனையாகின்றன. இலைச் சாறில் டி.எச்.சி.யும் இருக்கும் என்பதால் குழப்பம், மயக்கம், விழுதல் ஆகியவை வரலாம். மூளைக் கட்டி உள்ளவருக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல. முன் சொன்ன மருந்து மோதல்கள் இதற்கும் பொருந்தும். வெளிநாட்டுக்குப் போகும்போதோ அங்கிருந்து வரும்போதோ இத்தகைய புட்டிகளைப் பெட்டியில் வைக்காதீர்கள். குறிப்பாக வளைகுடா நாடுகளில் கடுமையான தண்டனைக்கு இடமுண்டு.

கேள்வி: கட்டி கரையாவிட்டாலும் போகட்டும், அப்பாவுக்கு இரவில் தூக்கமே இல்லை. அதற்காகவாவது சி.பி.டி. கொடுக்கலாமா?
– வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: மூளை வீக்கத்துக்காக அவருக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுக்கப்படுகிறதா என்று மருந்துச் சீட்டில் பாருங்கள். தூக்கத்தைக் கெடுப்பதில் அது பேர்போனது. நாளின் கடைசி வேளையை மாலைக்கு முன்பே கொடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் அந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது. நீங்களாகவே அளவைக் குறைக்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது. தூக்கமின்மையோடு விடியற்காலைத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.