சிவப்புக் கோடும் எங்கள் தெருவும்

கேள்வி: ஜி.எஸ்.டி. சாலை மேப்பில் சிவப்பானதும் வண்டிகள் எல்லாம் எங்கள் தெருவுக்குள் புகுந்துவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் தெருவும் அடைத்துக்கொள்கிறது. இந்தத் தகவலால் யாருக்குத்தான் லாபம்?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில் திரும்பிய சிலருக்கு மட்டும்தான் அம்மா. 1952-லேயே வார்ட்ராப் என்ற ஆங்கிலேயர் இதற்கு விதி எழுதிவிட்டார். ஓட்டுநர்கள் அவரவருக்கு வேகமான வழியைத் தேடிக்கொண்டே போனால், கடைசியில் அவர்கள் போகும் எல்லா வழியும் ஒரே நேரம் பிடிக்கும். அதாவது, பெரிய சாலை அளவுக்கு உங்கள் தெருவும் மந்தமாகும்வரை வண்டிகள் வந்துகொண்டேதான் இருக்கும். முன்பு குறுக்கு வழி உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். இப்போது முதல்முறை வருகிறவருக்கும் தெரிகிறது. போக்குவரத்துப் பொறியியல் கற்பித்த எனக்கு இதில் வருத்தம் தருவது, மேப்புக்கு நம் செல்போன்கள் நகரும் வேகம் தெரிகிற அளவுக்குத் தெரு தெரியாது என்பது. 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 செல்போன்களைச் சின்ன வண்டியில் போட்டுக் காலித் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பாகிவிட்டது! வாசலில் விளையாடும் பிள்ளையும், பள்ளி விடும் நேரமும் அதன் கணக்கில் எங்கே வரப்போகின்றன?

அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்தில் லியோனியா என்றொரு சிற்றூர். பாலத்துக்குப் போகிறவர்களை மேப் செயலிகள் அந்த ஊர்த் தெருக்களில் இறக்கிவிட்டன. 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களைக் காலை, மாலை நெரிசல் நேரத்தில் வெளியாருக்கு மூடி, மீறினால் 200 டாலர் அபராதம் என்றார்கள். அந்த ஆண்டே அது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

விபத்தால் திடீரென்று சாலை அடைபட்டால் இந்தத் தகவல் உண்மையிலேயே பெரிய உதவி. கிளம்புவதற்கு முன்பே பார்த்து அரைமணி தள்ளிப் புறப்படுகிறவரால் எல்லோருக்கும் நல்லது. தினசரி நெரிசலில் அடுத்தவர் தெருவைக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

நீங்கள் தனியாகப் போகாதீர்கள். குடியிருப்போர் சங்கம் மூலம் மாநகராட்சியிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் மனு கொடுங்கள். நெரிசல் நேரத்துக்கு மட்டும் ஒருவழிப் பாதை கேளுங்கள். பலகை வைத்த பிறகு, அந்த நேரக் கட்டுப்பாட்டை மேப்பிலும் ஏற்றச் சொல்லுங்கள். ஏறிவிட்டால் நுழையக் கூடாத பக்கத்திலிருந்து உங்கள் தெருவை வழியாகக் காட்டுவது குறையும்.