பத்து வருடக் கெடு

கேள்வி: பருவநிலை திடீரென்று தலைகீழாக மாறப்போகிறது என்று பேசும் வானொலி உரையாடல்களை இணையத்தில் விடாமல் கேட்டு வருகிறேன். ‘இன்னும் பத்து வருடம்தான், எல்லாம் கைமீறிவிட்டது’ என்கிறார் ஒரு விருந்தினர். அடுத்த வாரம் வருபவர், ‘தெருவில் இறங்கிப் போராடுங்கள்’ என்கிறார். முடிந்துபோன விஷயத்துக்குப் போராட்டம் எதற்கு? இந்தச் சுற்றுச்சூழல்வாதிகள் பூச்சாண்டி காட்டுகிறார்களா?

பதில்: கெடு வைத்தவர் ஒருவர், போராடக் கூப்பிட்டவர் வேறொருவர். முதலாமவர் சொன்னதை வைத்து இரண்டாமவரைத் தள்ளுபடி செய்யப் பார்க்கிறீர்கள். அது நடக்காது.

பூச்சாண்டி அல்ல. கிரீன்லாந்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் பனியைத் துளைத்து 1993இல் அடிப்பாறையைத் தொட்டார்கள். வெளியே எடுத்த பனித் தண்டை விளக்கொளியில் வைத்தால் கோடு கோடாக அடுக்குகள் தெரியும். கோடையில் விழுந்த பனி ஒரு மாதிரி, குளிர்காலப் பனி ஒரு மாதிரி; இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். அமெரிக்கப் பனி ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலியின் குழுவினர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனார்கள். சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முந்தைய இடத்தில், ஆண்டுப் பனிப்பொழிவு சட்டென்று இரண்டு மடங்காகியிருந்தது. அதற்குப் பிடித்த காலம் ஒன்றிலிருந்து மூன்றே வருடமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அங்கே வெப்பம் 10 டிகிரி அளவுக்கு ஏறியது. நூறு தலைமுறை காத்திருக்க வேண்டிய மாற்றம் அல்ல அது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் நடந்து முடிந்தது.

வானொலியில் இதைச் சொல்லும்போது மட்டும் ஒரு விவரம் எப்படியோ நழுவிவிடுகிறது. 10 டிகிரி ஏறியது கிரீன்லாந்தில். பூமி முழுக்க அல்ல. மந்தமாகிக் கிடந்த அட்லாண்டிக் நீரோட்டம் மறுபடி வேகம் பிடித்து, தெற்கின் வெப்பத்தை வடக்கே கொண்டுபோனதுதான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. அதே நீரோட்டம் இந்த நூற்றாண்டில் பலவீனமாகும் என்பதில் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவுக்கு (ஐபிசிசி) பெரிய சந்தேகம் இல்லை. 2100க்குள் அது திடீரென்று நின்றுபோகாது என்று சொல்லும்போதுதான், 2021 அறிக்கையில், ‘நடுத்தர நம்பிக்கை’ என்று போட்டார்கள். நடுத்தர நம்பிக்கையோடு தரையிறக்குவேன் என்று விமானி சொன்னால் ஏறி உட்காருவீர்களா? எனக்குப் பயம் தர இந்த இரண்டு சொல் போதும். பத்து வருடக் கெடு தேவையில்லை.

கடலடியில் உறைந்து கிடக்கும் மீத்தேன் (வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு) ஒரேயடியாகப் பொங்கி எழும் என்பதும் உங்கள் விருந்தினர் பட்டியலில் இருந்திருக்கும். இந்த நூற்றாண்டில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்கிறது அதே அறிக்கை. மேலே போவோம்.

கெடு வைப்பதில் என்ன கெட்டுப்போகிறது? 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனி 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 2015-16 கோடையில் அதுவும் மிஞ்சாது என்றார் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பீட்டர் வாதம்ஸ். அனுபவசாலி, ஆர்க்டிக்கை நேரில் அளந்தவர். 2016 வந்தது, போனது, பனி இருந்தது. 1979இலிருந்து செயற்கைக்கோள்கள் காட்டிவரும் சரிவு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பருவநிலை மாற்றமே இல்லை என்னும் மறுப்பாளர்கள் பேசுவது சரிவைப் பற்றியல்ல, பொய்த்துப்போன அந்தத் தேதியைப் பற்றி. இலவசமாகக் கையில் கொடுத்த ஆயுதம்.

மறுப்பாளர்களுக்கும் ஒலிவாங்கி கிடைக்காமல் போகவில்லை. 2017 ஆகஸ்டில் பிபிசி ரேடியோ 4 காலை நிகழ்ச்சியில், பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன், கடந்த பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம் சற்றுக் குறைந்திருக்கிறது என்று சொன்னார். அப்பட்டமான தவறு. எதிரே இருந்தவர் அதை மடக்கவில்லை. பிறகு பிபிசியே தவறை ஒப்புக்கொண்டது. ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம், 2018இல், இது விதிமீறல் என்றது. எல்லாம் முடிந்தது என்பவரையும் ஒன்றுமே நடக்கவில்லை என்பவரையும் அநேக நிகழ்ச்சிகள் ஒரே மாதிரிதான் உபசரிக்கின்றன: குறுக்குக் கேள்வி கிடையாது. கேட்பவருக்கும் அது சௌகரியம். இருவர் சொன்னாலும் நாம் எழுந்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் முடிந்துவிடவில்லை. கரியமில வாயு வெளியேற்றம் நிகரப் பூஜ்யத்துக்கு வந்தால், அதாவது நாம் வெளியேற்றுவதும் திரும்ப அகற்றுவதும் சமமானால், அதனால் ஏறும் வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவிலேயே நின்றுவிடும் என்பதுதான் இன்றைய அறிவியல். ஏறியது சட்டென்று இறங்காது, கடல்மட்டம் பின்னும் உயரும். அதையும் மறைக்க வேண்டாம். எந்த டிகிரியில் நிற்பது என்பது மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை.

போராட்டம் என்ன கிழித்தது என்கிறீர்களா? நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற அமைப்பு அரசையே கோர்ட்டுக்கு இழுத்தது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தை 1990 அளவிலிருந்து 25 சதவீதமாவது 2020 முடிவதற்குள் குறைத்தாக வேண்டும் என்ற உத்தரவை 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே 2019இல் பசிபிக் தீவுகளின் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர், பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையைக் கிளப்பினார்கள். அந்தத் தீவு நாடுகளில் ஒன்றான வனுவாட்டுவின் அரசு அதைக் கையில் எடுத்து ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. கடல் வாசலுக்கு வந்துவிட்ட ஊர்க்காரர்கள் அந்த மாணவர்கள்.

எல்லாப் போராட்டத்துக்கும் கைதட்டச் சொல்லவில்லை. 2022இல் லண்டனில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மேல் தக்காளி சூப்பை ஊற்றினார்கள். கண்ணாடி இருந்ததால் ஓவியம் தப்பியது. புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்கள் கொடுக்காதே என்ற நியாயமான கோரிக்கைதான் சூப்பில் மூழ்கிப்போனது.

நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேளுங்கள். அடுத்த முறை விருந்தினர் ஒரு வருடத்தைச் சொன்னால், நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்: இதற்கு முன் இவர் எந்த வருடத்தைச் சொன்னார், அது என்ன ஆயிற்று என்று. பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.